மூட்டத்துக்குள் ஒரு கோள்: ஜி.ஜே. 1214 பி

ஆனி மாதத்தில் வானம் தெளிந்த ஓர் இரவு, பதினொரு மணி வாக்கில் மொட்டை மாடிக்குப் போய்த் தெற்கே பாருங்கள். விருச்சிகத்தின் நடுவில் சிவப்பாக மினுங்கும் கேட்டை எளிதில் தென்படும். அங்கிருந்து பார்வையை மெல்ல உச்சிக்கு ஏற்றினால், கண்ணைப் பறிக்கும் விண்மீன்கள் அதிகம் இல்லாத ஓர் அகன்ற பகுதி வரும். பாம்பைக் கையில் பிடித்த மனிதனாகக் கிரேக்கர்கள் கற்பனை செய்த ஒஃபியூக்கஸ் மண்டலம் அது. தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ நின்றால், அதன் ஒரு பகுதி ஏறத்தாழ நம் தலைக்கு நேர்மேலேயே கடந்து போகும். அங்கேதான், 48 ஒளியாண்டு தொலைவில், ஜி.ஜே. 1214 என்ற சிவப்புக் குள்ள விண்மீன் இருக்கிறது. வெறும் கண்ணுக்குத் தெரியாது. வீட்டில் வைத்துப் பார்க்கும் சிறு தொலைநோக்கியிலும் அகப்படாது. அவ்வளவு மங்கல்.

அந்த மங்கலான விண்மீனை ஒரு கோள் சுற்றுகிறது. பெயர் ஜி.ஜே. 1214 பி. பூமியைப் போல் 2.7 மடங்கு அகலம், 8 மடங்குக்குச் சற்று மேல் நிறை. பூமியைவிடப் பெரியது, நெப்டியூனைவிடச் சிறியது. இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட, தடித்த வளிப்போர்வை கொண்ட கோள்களைத்தான் மினி-நெப்டியூன் என்கிறார்கள். அந்த வகையில் வானியலாளர்கள் மிக அதிகமாக உற்றுப் பார்த்த கோள்களில் இது ஒன்று. பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகப் பூமியிலிருந்தும் விண்வெளியிலிருந்தும் பெரிய பெரிய தொலைநோக்கிகள் அதைப் பார்த்துவிட்டன. ஆனாலும் “அது எதனால் ஆனது?” என்ற எளிய கேள்விக்கு முழு விடை இன்னும் கைக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்பதைப் புரிந்துகொண்டால், இந்த வகைக் கோள்களைப் பற்றி வரும் செய்திகளையே வேறு கண்ணோடு படிக்கலாம். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

நம் குடும்பத்தில் இல்லாத வகை

சூரியக் குடும்பத்தில் இப்படி ஒரு கோள் கிடையாது. அளவில் பூமிக்கு மேலே அடுத்து வருவது நேரே நெப்டியூன். அது பூமியைப் போல் 3.9 மடங்கு அகலம், 17 மடங்கு நிறை. நடுவில் யாரும் இல்லை. நம்மிடம் இல்லாததால், மற்ற இடங்களிலும் இருக்காது என்றே வெகுகாலம் எண்ணத் தோன்றியது. 2009 மார்ச்சில் ஏவப்பட்ட கெப்ளர் விண்கலம் அந்த எண்ணத்தைத் தலைகீழாக்கியது. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களைக் கண்கொட்டாமல் பார்த்த அந்தக் கலம், பூமிக்கும் நெப்டியூனுக்கும் இடைப்பட்ட கோள்கள்தான் விண்மீன்களுக்கு அருகில் மிக அதிகம் என்று காட்டியது. ஊர் முழுக்க இருக்கும் ஒரு வகை மரம் நம் தெருவில் மட்டும் இல்லாமல் போனது மாதிரி.

2017-ல் இன்னொரு விஷயமும் தெரிய வந்தது. பெஞ்சமின் ஃபுல்டன் தலைமையிலான குழு கெப்ளர் கோள்களின் ஆரங்களைத் துல்லியமாகக் கணக்கிட்டு வரிசைப்படுத்தியது. பூமியின் ஆரத்தைப் போல் 1.5 முதல் 2 மடங்கு வரை உள்ள இடத்தில் ஒரு பள்ளம் தெரிந்தது. அந்த அளவில் கோள்கள் குறைவு. பள்ளத்துக்கு இந்தப் பக்கம் பாறைக் கோள்கள், அந்தப் பக்கம் மினி-நெப்டியூன்கள். பிறந்தபோது எல்லாமே கொஞ்சம் ஹைட்ரஜன், ஹீலியம் போர்வையோடுதான் பிறந்தன, சில அதை விண்மீனின் கதிர்வீச்சிலோ உள்ளிருந்த சூட்டிலோ இழந்து வெறும் பாறையாயின, மற்றவை தக்கவைத்துக்கொண்டன என்பது இதற்கு இன்று பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். பள்ளத்தைத் தாண்டியவை முதலிலிருந்தே நிறைய நீரோடு, தொலைவில் உருவாகி உள்ளே நகர்ந்து வந்தவை என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். இந்த வழக்கு இன்னும் முடியவில்லை. ஜி.ஜே. 1214 பி அதில் ஒரு முக்கியமான சாட்சி.

எட்டு சிறு தொலைநோக்கிகள்

இதைக் கண்டுபிடித்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது. அமெரிக்காவின் அரிசோனாவில் ஹாப்கின்ஸ் மலைமேல், தலா 40 சென்டிமீட்டர் கண்ணாடி கொண்ட எட்டுத் தொலைநோக்கிகளை ஹார்வர்டின் டேவிட் ஷார்போனோவும் அவர் குழுவினரும் வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். எம்-எர்த் என்பது திட்டத்தின் பெயர். ஆர்வலர்கள் சொந்தமாக வாங்கி வைத்துக்கொள்ளக்கூடிய அளவுதான் அந்தத் தொலைநோக்கிகள். பெரிய கருவி இல்லாத குறையைத் தேர்ந்தெடுத்த இலக்கால் ஈடுகட்டியதுதான் அவர்களின் கெட்டிக்காரத்தனம். நமக்கு அருகில் உள்ள சிவப்புக் குள்ள விண்மீன்களை மட்டும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள்.

ஏன் சிவப்புக் குள்ளன்? 2004-லும் 2012-லும் வெள்ளி சூரியனைக் கடந்ததைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். பரந்த சூரிய வட்டத்தின்மேல் ஒரு கரும்பொட்டு ஊர்ந்து போனது, அவ்வளவுதான். சூரிய ஒளி அதனால் மறைந்தது ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில்தான். தொலைதூரக் கோள்களையும் இப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள்: கோள் விண்மீனுக்கு முன்னால் வரும்போது ஒளி எவ்வளவு குறைகிறது என்று அளக்கிறார்கள். ஜி.ஜே. 1214 பி நம் சூரியனைக் கடந்தால் ஒளி 0.06 விழுக்காடுதான் குறையும். ஆனால் அது சுற்றும் விண்மீனின் அகலம் சூரியனில் ஐந்தில் ஒரு பங்குதான். பொட்டு அதேதான், நெற்றி சின்னது. ஒளி 1.3 விழுக்காட்டுக்கு மேல் குறைகிறது. 40 சென்டிமீட்டர் தொலைநோக்கிக்கு அது போதும்.

கண்டுபிடிப்பு 2009 டிசம்பரில் வெளியானது. கடப்பு கோளின் அகலத்தைச் சொன்னது. நிறைக்குச் சிலியின் லா சில்லாவில் உள்ள ஹார்ப்ஸ் கருவி தேவைப்பட்டது. கோள் சுற்றும்போது தன் ஈர்ப்பால் விண்மீனையும் இலேசாக ஆட்டுகிறது. அந்த ஆட்டத்தின் வேகம் வினாடிக்குப் பத்துப் பதினைந்து மீட்டர், நம் ஊர்ப் பேருந்தின் வேகம். பல ஒளியாண்டு தொலைவிலுள்ள ஒரு விண்மீன் பேருந்து வேகத்தில் முன்னும் பின்னும் அசைவதை அளந்து, கோளின் நிறை பூமியைப் போல் 6.5 மடங்கு என்றார்கள். பின்னாளில் இன்னும் நிறைய அளவீடுகள் சேர்ந்ததும் அது 8.2 மடங்காகத் திருத்தப்பட்டது. முதலில் 40 ஒளியாண்டு என்றிருந்த தொலைவும் 48 ஆனது. பழைய கட்டுரைகளில் வேறு எண்களைப் பார்த்தால் குழம்ப வேண்டாம். இரண்டுமே அந்தந்தக் காலத்தின் சிறந்த அளவீடுகள்தான்.

38 மணி நேர ஆண்டு

இந்தக் கோளுக்கும் அதன் விண்மீனுக்கும் இடையே 22 லட்சம் கிலோமீட்டர்தான். நமக்கும் நிலாவுக்கும் உள்ள தூரத்தைப் போல் ஆறு மடங்குகூட இல்லை. சூரியனுக்கு மிக அருகிலுள்ள புதனே 5 கோடியே 80 லட்சம் கிலோமீட்டர் தள்ளித்தான் சுற்றுகிறது. ஜி.ஜே. 1214 பி ஒரு சுற்றை முடிக்க 38 மணி நேரம். அங்கே ஓர் ஆண்டு திங்கட்கிழமை காலை 6 மணிக்குத் தொடங்கினால் செவ்வாய் இரவு 8 மணிக்கு முடிந்துவிடும். நாம் ஒரு பொங்கலிலிருந்து அடுத்த பொங்கலுக்கு வருவதற்குள் அது 231 முறை சுற்றி வந்திருக்கும்.

இவ்வளவு ஒட்டிச் சுற்றினால் எரிந்தே போயிருக்க வேண்டாமா? நம் சூரியனை இந்தத் தூரத்தில் சுற்றியிருந்தால் கதையே வேறு. ஜி.ஜே. 1214 ஒரு சோகையான விண்மீன், சூரியன் தரும் ஒளியில் ஆயிரத்தில் மூன்று, நான்கு பங்குதான் தருகிறது. அதனால் கோளுக்குக் கிடைப்பது பூமிக்குக் கிடைக்கும் வெப்பத்தைப் போல் பதினைந்து மடங்குக்குச் சற்று மேல். அது குறைவில்லைதான், ஆனால் இரும்பை ஆவியாக்கும் மகா வெப்பக் கோள்களின் பக்கத்தில் வைத்தால் இது மிதமான சூடு.

கோளின் வானத்தில் மிதந்தபடி பார்த்தால், நம் சூரியனைப் போல் பதினான்கு பதினைந்து மடங்கு அகலத்தில் ஒரு செந்நிற வட்டம் அசையாமல் நிற்கும். அசையாது, ஏனென்றால் இவ்வளவு நெருக்கத்தில் ஈர்ப்பு கோளின் சுழற்சியைப் பூட்டிவிடும். நிலா நமக்கு ஒரே முகம் காட்டுவது போல் இந்தக் கோளும் விண்மீனுக்கு ஒரு பக்கத்தையே காட்டியபடி சுற்றுவதாகக் கொள்கிறார்கள். ஒரு பக்கம் நிரந்தரப் பகல், மறுபக்கம் நிரந்தர இரவு.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். 8 மடங்கு நிறை என்றதும் அங்கே நிற்கவே முடியாது, நசுங்கிவிடுவோம் என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஈர்ப்பு நிறையால் கூடுகிறது, ஆரத்தின் இருமடியால் குறைகிறது. 8.2-ஐ 2.74-ன் இருமடியால் வகுத்தால் 1.09 வருகிறது. வளிமண்டலத்தின் மேற்பகுதியில் உங்கள் எடை பூமியில் இருப்பதைவிட ஒன்பது விழுக்காடுதான் கூடும். அறுபது கிலோ ஆள் அங்கே அறுபத்தைந்து, அறுபத்தாறு கிலோ. நிற்பதற்குத்தான் தரை இல்லை.

ஒரே கனம், ஒரே பருமன், பல மூட்டைகள்

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். நிறையும் அகலமும் தெரிந்தால் அடர்த்தி தெரிந்துவிடும். ஜி.ஜே. 1214 பியின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.2 கிராம். பூமியின் அடர்த்தி 5.5. நெப்டியூன் 1.6. நீர் 1. ஆக, இது முழுப் பாறை கிடையாது, அது உறுதி. பாறையைவிட இலேசான ஏதோ ஒன்று கணிசமான இடத்தை அடைத்திருக்கிறது. அது என்ன?

வாய் தைத்த ஒரு மூட்டையை உங்களிடம் கொடுத்து, பிரிக்காமல் உள்ளே என்ன என்று சொல்லச் சொன்னால் என்ன செய்வீர்கள்? தூக்கிப் பார்ப்பீர்கள், பருமனைப் பார்ப்பீர்கள். நெல்லாக இருக்கலாம். கீழே நாலு கருங்கல்லைப் போட்டு மேலே பஞ்சை அடைத்தாலும் அதே கனமும் அதே பருமனும் வந்துவிடும். இந்தக் கோளின் சிக்கலும் அதுதான். உள்ளே பெரிய பாறையும் இரும்பும், அதைச் சுற்றி மொத்த நிறையில் சில விழுக்காடே உள்ள ஹைட்ரஜன், ஹீலியம் போர்வை என்றாலும் 2.2 வரும். ஹைட்ரஜன் மிக இலேசானதால் கொஞ்சமே இருந்தாலும் ஊதிப் பெரிதாக இடத்தை அடைத்துக்கொள்ளும். அல்லது ஏராளமான நீரும் பாறையும் கலந்து, மேலே தடித்த நீராவி என்றாலும் ஏறக்குறைய அதே எண்தான் வரும். முதலாவது கல்லும் பஞ்சும், இரண்டாவது நெல்.

கண்டுபிடித்த உடனே உலகெங்கும் செய்தித்தாள்கள் நெல் பக்கம் சாய்ந்துவிட்டன. “நீர் உலகம்” என்ற தலைப்பு எங்கும் வந்தது. அடர்த்தி ஒன்றை மட்டும் வைத்து அப்படிச் சொல்லவே முடியாது என்பதை ஆய்வாளர்கள் அப்போதே எழுதியிருந்தார்கள். ஆனால் கடல் என்ற சொல் நம் மனதை இழுக்கிற மாதிரி அடர்த்தி என்ற சொல் இழுப்பதில்லை.

மூட்டையைப் பிரிக்காமல் உள்ளே இருப்பதை அறிய ஒரு வழி உண்டு: கோணியின் ஓட்டை வழியே வெளிச்சம் பாய்ச்சிப் பார்ப்பது. கோள் விண்மீனைக் கடக்கும்போது, விண்மீனின் ஒளியில் ஒரு சிறு பகுதி கோளின் விளிம்பிலுள்ள வளிமண்டலத்துக்குள் புகுந்து நம்மிடம் வருகிறது. நீராவி சில அலைநீளங்களை விழுங்கும், மீத்தேன் வேறு சிலவற்றை விழுங்கும். விழுங்கப்பட்ட அலைநீளத்தில் பார்த்தால் கோள் ஒரு சுற்று பெரிதாகத் தெரியும். இப்படி அலைநீளத்துக்கு அலைநீளம் கோளின் அளவு எப்படி ஏறி இறங்குகிறது என்று வரைந்தால், அந்த மேடு பள்ளங்கள்தான் வளிமண்டலத்தின் கையெழுத்து.

இங்கே கல்-பஞ்சு மூட்டைக்கும் நெல் மூட்டைக்கும் பெரிய வித்தியாசம் தெரிய வேண்டும். இந்தக் கோளின் சூட்டிலும் ஈர்ப்பிலும் ஹைட்ரஜன் வளிமண்டலம் என்றால், சுமார் 190 கிலோமீட்டர் ஏறினால்தான் அழுத்தம் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறையும். அவ்வளவு உப்பிய போர்வை. நீராவி ஹைட்ரஜனைவிடப் பன்மடங்கு கனமானது, அதனால் அதே குறைவுக்கு 25 கிலோமீட்டர் ஏறினாலே போதும். பூமியில் எட்டு கிலோமீட்டர். ஆக, ஹைட்ரஜன் போர்வையானால் மேடு பள்ளங்கள் பெரிதாகவும், நீராவிப் போர்வையானால் சிறிதாகவும் தெரியும். எலைசா கெம்ப்டனும் ஜோனதன் ஃபோர்ட்னியும் 2010-ல் இந்தக் கணிப்பை விரிவாக எழுதி வைத்தார்கள். பார்த்தால் தீர்ந்தது என்றே எல்லாரும் நினைத்தார்கள்.

தட்டையான கோடு

அதே 2010-ல் ஜேக்கப் பீன் குழு சிலியிலுள்ள பெரிய தொலைநோக்கியால் பார்த்தது. மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. கோடு தட்டை. தெளிந்த ஹைட்ரஜன் வளிமண்டலம் இல்லை என்பது மட்டும் உறுதியானது. ஒன்று அது நீராவியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் மேலே மேகமோ மூட்டமோ ஒளியை மறிக்க வேண்டும்.

அப்புறம் ஹபிள் தொலைநோக்கி களத்தில் இறங்கியது. அப்போது சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவியாக இருந்த லாரா க்ரைட்பெர்க் தலைமையில், ஹபிள் பூமியைச் சுற்றும் 60 சுற்றுகளை இந்த ஒரே கோளுக்காக ஒதுக்கினார்கள். பதினைந்து கடப்புகளைப் பார்த்தார்கள். முடிவு 2014-ன் முதல் நாளில் வெளியானது. இம்முறை அளவீடு அவ்வளவு நுணுக்கம், நீராவியின் சின்ன மேடு பள்ளங்கள்கூடத் தப்பியிருக்க முடியாது. ஆனாலும் கோடு தட்டையாகவே இருந்தது. அதாவது, தெளிந்த நீராவி வளிமண்டலமும் கிடையாது. எந்த வாயுவாக இருந்தாலும் சரி, அதற்கு மேலே மிக உயரத்தில் ஏதோ ஒன்று போர்த்தியிருக்கிறது.

ஒன்றும் தெரியாத முடிவு என்று இதைச் சிலர் ஒதுக்கினார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பனி மூடிய காலையில் எதிரே இருக்கும் மலை தெரியவில்லை என்றால், நமக்குப் பனியைப் பற்றி ஒன்று தெரிந்துவிட்டது: அது எவ்வளவு அடர்த்தி, எவ்வளவு உயரம் என்று. வேறு ஓர் உலகத்தில் மேகமூட்டம் இருக்கிறது, அது வளிமண்டலத்தின் மிக மேலே, அழுத்தம் மிகக் குறைந்த இடம் வரை ஏறியிருக்கிறது என்று இவ்வளவு தொலைவிலிருந்து நிறுவுவது சின்ன விஷயம் கிடையாது.

அந்த மூட்டம் எதனால் ஆனது என்பதில் இரண்டு எண்ணங்கள் வந்தன. ஒன்று, உப்பு மேகம். பூமியில் நீர் குளிர்ந்து மேகமாவது போல், அந்தச் சூட்டில் பொட்டாசியம் குளோரைடும் துத்தநாக சல்ஃபைடும் ஆவியாகிக் குளிர்ந்து துகள்களாகலாம். உரக்கடையில் பொட்டாஷ் என்று விற்கும் அதே உப்பு அங்கே மேகம். மற்றொன்று, ஒளிவேதி மூட்டம். மீத்தேன் மூலக்கூறுகளை விண்மீனின் புறஊதா ஒளி உடைக்கிறது. உடைந்த துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட கரிமச் சங்கிலிகளாகி நுண்துகள்களாகின்றன. சனியின் நிலாவான டைட்டனை ஆரஞ்சு நிறத்தில் மூடியிருப்பது இந்த வகை மூட்டம்தான். உப்பு மேகத்தை அவ்வளவு உயரத்துக்குத் தூக்குவது கடினம் என்பதால் இரண்டாவது எண்ணத்துக்கே ஆதரவு அதிகம். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் சாரா ஹோர்ஸ்ட் குழு இத்தகைய கோள்களின் வாயுக் கலவைகளை ஆய்வகக் கலனில் நிரப்பி, சூடாக்கி, மின்னாற்றல் பாய்ச்சி, உண்மையிலேயே மூட்டத் துகள்களை உண்டாக்கிக் காட்டியது. ஒரு கலனுக்குள் அந்நிய வானத்தைச் சமைப்பது என்றால் இதுதான்.

வெப் பார்த்த பகலும் இரவும்

மூட்டத்தை ஊடுருவ முடியவில்லை என்றால், கோளே வெளிவிடும் வெப்பத்தைப் பார்க்கலாமே? 2022 ஜூலையில், ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி பணி தொடங்கிய முதல் மாதத்திலேயே, எலைசா கெம்ப்டன் குழு அதைத்தான் செய்தது. 2010-ல் கணிப்பு எழுதிய அதே கெம்ப்டன். ஏறத்தாழ 40 மணி நேரம் இடைவிடாமல், கோளின் ஒரு முழு ஆண்டைவிடச் சற்று அதிக நேரம், வெப் தன் அகச்சிவப்புக் கண்ணைத் திருப்பாமல் வைத்திருந்தது. கோள் சுற்றச் சுற்ற அதன் பகல் பக்கமும் இரவுப் பக்கமும் மாறி மாறி நம்மை நோக்கித் திரும்பும். எந்தப் பக்கம் எவ்வளவு வெப்பம் வீசுகிறது என்று அளக்கலாம்.

2023 மே மாதம் வெளியான முடிவின்படி, பகல் பக்கம் சுமார் 280 டிகிரி செல்சியஸ், இரவுப் பக்கம் சுமார் 165 டிகிரி. பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசும் வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும். பகல் பக்கத்தில் அது திரவமாக இருக்கும், இரவுப் பக்கத்தில் இறுகிவிடும்.

இந்த இரண்டு எண்களுக்குள் நிறைய இருக்கிறது. முதலில் இடைவெளி. காற்றே இல்லாத புதனில் பகல் 430 டிகிரி, இரவு கழித்தல் 180. அறுநூறு டிகிரி வித்தியாசம். நிரந்தர இரவுள்ள இந்தக் கோளிலோ நூற்றுப் பதினைந்து டிகிரிதான். காற்று பகலின் சூட்டை அள்ளிக்கொண்டு போய் இரவில் கொட்டுகிறது என்பது இதிலிருந்தே தெரிகிறது. ஆனால் அந்த நூற்றுப் பதினைந்து டிகிரியே இன்னொன்றையும் சொல்கிறது. ஹைட்ரஜனே மேலோங்கிய வளிமண்டலமாக இருந்தால் சூடு இன்னும் நன்றாகப் பரவி, வித்தியாசம் இதைவிடக் குறைந்திருக்க வேண்டும். கனமான மூலக்கூறுகள் நிறைந்த வளிமண்டலம் என்றால்தான் இந்த அளவு பொருந்துகிறது. அந்தக் கனத்துக்கு நீர் காரணமாக இருக்கலாம் என்ற இலேசான தடயமும் அகச்சிவப்பு அளவீட்டில் கிடைத்தது.

அடுத்தது, கோள் எதிர்பார்த்ததைவிடக் குளுமையாக இருக்கிறது. விழும் ஒளியில் ஏறத்தாழ பாதியை அது திருப்பி அனுப்பிவிடுகிறது. பூமி முப்பது விழுக்காடுதான் திருப்புகிறது. இதை யாரும் அவ்வளவாக எதிர்பார்க்கவில்லை. கரிம மூட்டம் என்றால் அடுப்புக்கரி மாதிரி கறுப்பாக, ஒளியை உறிஞ்சும் என்றுதான் கணக்குப் போட்டிருந்தார்கள். இங்கே மூட்டம் வெளுப்பாக, பளபளப்பாக இருக்கிறது. நமக்குத் தெரிந்த எந்தப் பொருள் அந்த உயரத்தில், அந்தச் சூட்டில் இப்படி வெளுப்பாக மிதக்கும் என்பது இன்றும் திறந்த கேள்வி. இந்தக் கோள் தந்ததிலேயே எனக்கு மிகவும் ஆர்வமூட்டும் கேள்வி இதுதான்.

2025 தொடக்கத்தில் எவரெட் ஷ்லாவின், கசுமாசா ஓனோ ஆகியோரின் குழுக்கள் வெப்பின் வேறொரு கருவியில் கிடைத்த கடப்பு அளவீடுகளை அலசின. அந்தத் தட்டையான கோட்டில் முதன்முறையாக மிகச் சின்ன மேடுகள் தெரிந்தன. கரியமில வாயுவுக்கும் மீத்தேனுக்கும் உரிய இடங்களில். உறுதியான கண்டுபிடிப்பு என்று அவர்களே சொல்லவில்லை, அவ்வளவு மெல்லிய அடையாளம். அது உண்மையானால், நம் வெள்ளிக் கோளைப் பெரிதாக்கிய மாதிரி, கரியமில வாயு நிறைந்த, மூட்டம் போர்த்திய உலகம் இது. மினி-நெப்டியூன் என்ற பெயரே பொருந்துமா என்ற கேள்வியும் கூடவே எழுகிறது.

ஏரி என்று பெயர் வைத்த பிறகு

சர்வதேச வானியல் ஒன்றியம் 2023-ல் இந்தக் கோளுக்கு எனைபோஷா என்று பெயர் சூட்டியது. கென்யாவிலிருந்து வந்த பரிந்துரை அது. மாசாய் மக்களின் மா மொழியில் ஏரி, கடல் போன்ற பெரிய நீர்ப்பரப்பைக் குறிக்கும் சொல். கென்யாவின் நைவாஷா ஏரியின் பெயரிலும் இதே சொல்தான் ஒலிக்கிறது. விண்மீனுக்கு ஒர்கரியா என்று பெயர், செங்காவி என்று பொருள். செந்நிறக் குள்ளனுக்குச் செங்காவி. அழகான பெயர்கள்.

அந்த நீர்ப்பரப்பில் அலை அடிக்குமா? அடிக்காது. கோளுக்குள் எவ்வளவு நீர் இருந்தாலும், நாம் நினைக்கும் கடல் அங்கே உருவாகாது. குக்கருக்குள் அழுத்தம் ஏற ஏற நீர் கொதிக்கும் வெப்பநிலையும் ஏறுவதை நாம் தினமும் பார்க்கிறோம். அதற்கும் ஓர் எல்லை உண்டு. 374 டிகிரி வெப்பமும், கடல்மட்டக் காற்றழுத்தத்தைப் போல் 218 மடங்கு அழுத்தமும் தாண்டிவிட்டால் நீர், ஆவி என்ற பிரிவே மறைந்துவிடும். இரண்டுமான, இரண்டும் இல்லாத ஒரு நிலை. ஜி.ஜே. 1214 பியின் உள்ளே இறங்க இறங்க வெப்பமும் அழுத்தமும் அந்த எல்லையைத் தாண்டிக்கொண்டே போகும். மூட்டம், அதன் கீழே வாயு, வாயு கெட்டியாகிக் கெட்டியாகி ஏதோ ஓர் ஆழத்தில் திரவம் போல் ஆகிவிடும். எந்த இடத்திலும் “இதோ நீர்மட்டம்” என்று காட்ட ஒரு கோடு இருக்காது. அதற்கும் கீழே, பாறை இருக்கும் ஆழத்தில், அதுவும் குழம்பாகவே இருக்கக்கூடும்.

சூடு என்பது இந்த வகைக் கோள்களில் எவ்வளவு பெரிய வித்தியாசத்தை உண்டாக்குகிறது என்பதற்கு வேறு இரண்டு கோள்களைப் பார்க்கலாம். 124 ஒளியாண்டு தொலைவிலுள்ள கே2-18 பி, நிறையிலும் அளவிலும் ஜி.ஜே. 1214 பியின் உடன்பிறப்பு மாதிரி. ஆனால் அதற்குக் கிடைக்கும் வெப்பம் பூமிக்குக் கிடைப்பதை ஒத்தது. 2025 ஏப்ரலில் கேம்பிரிட்ஜின் நிக்கு மதுசூதன் குழு, அங்கே உயிரோடு தொடர்புள்ள ஒரு வாயுவின் தடயம் இருக்கலாம் என்று அறிவித்து உலகமெங்கும் செய்தியானது. அதே அளவீடுகளை அலசிய வேறு குழுக்கள் அந்தத் தடயம் போதுமான வலுவோடு இல்லை என்றன. ஹைட்ரஜன் போர்வைக்குக் கீழே அங்கே கடல் இருக்கிறதா என்பதே இன்னும் விவாதம். காரணம், நாம் மேலே பார்த்த அதே மூட்டை. கனமும் பருமனும் ஒன்று, உள்ளே என்ன என்பது பல.

மறு பக்கத்தில் டி.ஓ.ஐ. 421 பி இருக்கிறது. முயல் மண்டலத்தில், சுமார் 240 ஒளியாண்டு தொலைவில், சூரியனைப் போன்ற ஒரு விண்மீனைச் சுற்றும் மினி-நெப்டியூன். அளவில் ஜி.ஜே. 1214 பியை ஒத்தது, சூட்டில் மிக அதிகம், சுமார் 700 டிகிரி. இதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. அவ்வளவு சூட்டில் கரிமம் மீத்தேனாக நிலைக்காது, கார்பன் மோனாக்சைடாகிவிடும். மூட்டம் மீத்தேனிலிருந்துதான் பிறக்கிறது என்றால், அங்கே மூட்டம் இருக்கக் கூடாது. 2025-ல் வெளியான வெப் அளவீடு அப்படியே காட்டியது. கோடு தட்டையாக இல்லை. நீராவியின் மேடுகள் பளிச்சென்று தெரிந்தன. மூட்டமில்லை, மீத்தேனும் தென்படவில்லை, போர்வை இலேசான ஹைட்ரஜன். கல்லும் பஞ்சும்!

ஆக, ஒரே அளவுள்ள இரண்டு கோள்களில் ஒன்று கனத்த காற்றும் வெளுத்த மூட்டமுமாக, மற்றொன்று தெளிந்த ஹைட்ரஜனாக நிற்கிறது. இந்த வேறுபாடு சூட்டினால் வந்ததா, சுற்றும் விண்மீனின் வகையால் வந்ததா, பிறந்த இடத்தால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல இரண்டு கோள்கள் போதாது. இன்னும் பத்து இருபது மினி-நெப்டியூன்களை வெவ்வேறு சூட்டில் பார்க்க வேண்டும். ஜி.ஜே. 1214 பியில் தெரிந்த அந்தக் கரியமில வாயு மேடுகளை உறுதிசெய்ய இன்னும் பல கடப்புகளை அளக்க வேண்டும். ஒவ்வொரு கடப்பும் 52 நிமிடம் நீடிக்கிறது, 38 மணி நேரத்துக்கு ஒருமுறை தவறாமல் வருகிறது.